கேட்டதுக்கு மேல

சங்கவியின் பின்னல் அசையவில்லை. தாழ்வாரத்துத் தூணை ஒட்டி நின்று கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால், வெயிலுக்காக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்துபோன இடத்தில் அந்தப் பின்னல் மட்டும் தெரிந்தது. பின்னலும், அதன் நுனியில் காலையில் அம்மா வளர்மதி மாட்டிவிட்ட கறுப்பு ரப்பர் பேண்டும். முகம் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர்கள் தெரியவில்லை. சத்தமும் வரவில்லை. ஆனாலும் அவள் அப்பா வைரக்கண்ணுவுக்கு அந்தப் பின்னலே போதுமாக இருந்தது. பேச்சு வந்துவிட்டால் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற பெண் அவள். சூடேறினால் பின்னல் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போய்வரும், பக்கத்தில் இருப்பவர் முகத்தில் அடிக்கும், சாப்பாட்டு நேரமாக இருந்தால் ரசத்தில் நனையும். அப்பேர்ப்பட்ட பின்னல் இப்போது பூட்டிய கதவில் பூட்டுத் தொங்குகிற மாதிரி சிவனே என்று தொங்கிக்கொண்டிருந்தது. சபாஷ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். சொன்னபடி கேட்கிறாள், ஒரு வாரம் தொண்டை வறளக் கத்தியது வீண்போகவில்லை. அவளுக்கு இந்த இடம் கிடைத்தாக வேண்டும். அரசு சட்டக் கல்லூரியில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள், அங்கே யாரும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதில்லை. பரீட்சை நடக்கும்போது சங்கவிக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்து போய் எழுதிய பரீட்சையில் மதிப்பெண் எப்படி வரும், வந்த அளவுக்கு வந்தது. திருச்சிக்கு வெளியே இருக்கிற இந்தக் கல்லூரியில் மட்டும் ஒரு நுழைவுத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்களை நேரில் அழைத்துப் பேசிப் பார்த்துச் சேர்க்கிறார்கள். தேர்வில் தேறிவிட்டாள். மீதியெல்லாம் அந்த அறைக்குள் நடப்பதில் இருக்கிறது. இந்த வருடம் அவளுக்கு மிச்சமிருப்பது இந்த நீலக் கதவு ஒன்றுதான்.

கேள்வி கேட்பவர்களிடமிருந்து ஓர் ஆளை எப்படிச் சேதாரமில்லாமல் வெளியே கொண்டுவருவது என்பது தன்னைப்போல் புதுக்கோட்டை கோர்ட்டு வளாகத்தில் யாருக்கும் தெரியாது என்று வைரக்கண்ணு நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம். வக்கீல் திருஞானத்திடம் அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை, இப்போது அது நரைத்துவிட்டது. சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார், சாட்சியின் வாயைக் குமாஸ்தா பார்த்துக்கொள்வார், அப்படித்தான் அந்த ஆபீஸ் ஓடியது. கூண்டில் ஏறப்போகிறவர்களைத் தன் வீட்டு முன்னறையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். கேட்டதுக்கு மட்டும் பதில். ஆமாம், இல்லை, தெரியாது, இந்த மூன்றுக்குள் முடித்துக்கொண்டால் ரொம்ப நல்லது. கேள்வி கேட்கிறவர் சும்மா இருந்தால் நீயும் சும்மா இரு, அந்த அமைதியைப் பொறுக்காமல் எதையாவது பேசப்போகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். யார் கேட்டாலும் நடு நாற்காலியைப் பார்த்துச் சொல்லு. கையை ஆட்டாதே, தலையை ஆட்டாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வாயை மூடு. அப்புறம் கடைசியாக ஒன்று, யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடாதே, பாதிச் சாட்சி அங்கேதான் கவிழ்வான், ஆமாம் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பளிச்சென்று சொல்லிவிடு. இதையே சங்கவிக்கும் சொன்னார், ஒரு வாரம் சாயங்காலம் தோறும் அதே முன்னறையில். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வளர்மதியை ஜட்ஜாக உட்கார வைத்தார். ஜட்ஜ் பூண்டு உரித்துக்கொண்டே விசாரணையைக் கவனித்தாள். "ஏங்க, வக்கீலாகப் போற புள்ளைக்குப் போயி சாட்சி சொல்லவா சொல்லிக் குடுக்குறீங்க?" என்று ஒரு நாள் நடுவிலே கேட்டாள். "எதிர்ல ஒருத்தன் ஒக்காந்து கேள்வி கேட்டா எல்லாரும் சாட்சிதான், நீ பூண்ட உரி" என்று இவர் சொன்னார். சங்கவி சிரித்தாள், தலையை ஆட்டிச் சிரித்தாள். "தலை, தலை" என்று அதட்டினார்.

அஞ்சலை அப்படித்தான் ஜெயித்தாள். அஞ்சலையை நினைக்கும்போதெல்லாம் வைரக்கண்ணுவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். திருமயம் பக்கத்து ஆள், புருஷன் மொபெட்டில் போகும்போது லாரி அடித்துச் செத்துப்போனான், நஷ்டஈட்டு வழக்கு. முன்னறையில் வந்து உட்கார்ந்தவள் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். அந்த மனுஷனுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போனாள். அதையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி, பாத்தி கட்டி, ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அன்னைக்குக் காலையில அவரு கெளம்பயில நான், என்று தொடங்குவாள். அது வேண்டாம்மா, கேட்டா மட்டும் சொல்லு, என்று உடனே கையை உயர்த்துவார். மறுபடி தொடங்குவாள், மறுபடி கையை உயர்த்துவார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எந்த ஓட்டையில் விரலை விடுவார் என்று யார் கண்டது, காலையில் நடந்தது காலையோடு போகட்டும். அப்புறம் கோர்ட்டில், கூண்டில் நின்று, குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்து, போகலாம்மா என்று நீதிபதி சொன்ன பிறகும் அஞ்சலை இறங்கவில்லை. நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தது. அவள் திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள், இறங்கிவிட்டாள். வழக்கு ஜெயித்தது. வாயைக் கட்டினால் ஜெயிக்கலாம் என்பதற்கு அவர் மற்றவர்களிடம் சொல்கிற உதாரணம் அஞ்சலைதான். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன, தீர்ப்புதான் வந்துவிட்டதே.

சங்கவிக்கு முன்னால் உள்ளே போய் வந்த பெண் தாழ்வாரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி போட்ட பெண். கூட அவள் அம்மா, கரூரில் டீச்சராம், வந்ததுமே சொல்லிவிட்டார்கள். டீச்சரம்மா டப்பாவைத் திறந்து மகளுக்குத் தயிர்ச்சாதம் கொடுத்துக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தார்கள், குறுக்கு விசாரணையில் அவர்களுக்கும் நல்ல பழக்கம் இருக்கும்போல. என்னடி கேட்டாங்க, என்றார்கள். "மாம்பழம் கேட்டாங்கம்மா" என்றது அந்தப் பெண். வைரக்கண்ணு காதைத் தீட்டிக்கொண்டார். "பக்கத்து வீட்டு மாமரம், கெள நம்ம வீட்டுப் பக்கம் வருது, பழம் நம்ம வாசல்ல விழுது, யாருக்குச் சொந்தம்னாங்க. மரத்துக்காரங்களுக்குன்னேன். சரி, இப்ப வாசல்காரங்க பக்கம் நின்னு பேசுன்னாங்க. பேசுனேன். மறுபடி மாத்திப் பேசச் சொன்னாங்க. அதையும் பேசுனேன்." வைரக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. "எது சரியான பதிலாம்மா?" என்று நடுவில் புகுந்தார். அந்தப் பெண் வாயிலிருந்ததை முழுங்கிவிட்டுச் சொன்னது: "சரியான பதில்னு ஒண்ணும் இல்ல அங்கிள், நடுவுல இருக்குற மேடமே சொல்லிட்டாங்க. எவ்வளவு தூரம் விடாம பேசுறோம்னுதான் பாக்குறாங்க. கேட்டதத் தாண்டிப் போகணும். நான் ஒரு எடத்துல சும்மா இருந்துட்டேன், ஒடனே ஒரு சார் மார்க்கு போட்டுட்டாரு. அங்கதான் எனக்குப் போச்சு." பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, "உங்க பொண்ணு சூப்பரா பண்ணுவாங்க அங்கிள். காலையிலேருந்து என்கூடப் பேசிக்கிட்டே இருந்தாங்க, வாய் மூடவே இல்ல" என்றது.

வைரக்கண்ணு பழைய இடத்துக்குப் போய்க் கழுத்தைச் சாய்த்தார். பின்னல் அசையவில்லை. அதே பின்னல்தான், அதே ரப்பர் பேண்டுதான், சற்று முன்னால் சபாஷ் போட்ட அதே அசையாமைதான், இப்போது அதுவே தப்பாகத் தெரிந்தது. அசை, என்று மனசுக்குள் சொன்னார். கொஞ்சம் அசைந்தால் என்ன. தலைதானே, ஆட்டினால் கழன்றா விழுந்துவிடும். உள்ளே இந்நேரம் மாம்பழம் வந்திருக்கும். வந்திருக்கும், இவள் நடு நாற்காலியைப் பார்த்து, தெரியாது என்று சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு வாயை மூடியிருப்பாள். அவர்கள் சும்மா இருந்து பார்த்திருப்பார்கள், இவளும் சும்மா இருந்திருப்பாள், அந்த அமைதியில் விழக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்ன தகப்பன் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அந்த சார் எழுதிக்கொண்டிருக்கிறார். மாம்பழம் இவளுக்குத் தெரியாதா. மாம்பழம் இல்லை, முருங்கைக்காய். அவர்கள் வீட்டு முருங்கைக் கிளை பக்கத்து வீட்டு லோகாம்பாள் கொல்லைக்குள் போய், லோகாம்பாள் துரட்டி போட்டுப் பறித்துக் குழம்பு வைத்து, வளர்மதி சண்டைக்குக் கிளம்பி, அந்தக் கோடைகாலம் முழுவதும் சங்கவி அந்தக் கிளையைப் பற்றித்தான் பேசினாள். காலையில் அம்மா பக்கம் பேசுவாள், வேர் நம்ம தண்ணியத்தானே குடிக்குது என்பாள். சாயங்காலம் லோகாம்பாள் பக்கம் சாய்ந்து, உதிர்ற எலையெல்லாம் யாரும்மா கூட்டுறா, அவங்கதானே என்பாள். கடைசியில் லோகாம்பாளே, ஆத்தா நீ ஆளை விடு, எனக்கு முருங்கக்காயே வேணாம், என்று கும்பிட்டாள். அந்தப் பேச்செல்லாம் அவள் வாய்க்குள்ளேதான் இருக்கிறது, அலுங்காமல் அப்படியே இருக்கிறது, மூடியை அழுத்தித் திருகி மூடியது யார். நான்தான், என்று வைரக்கண்ணு நினைத்தார். நினைத்ததும் எங்கேயாவது உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை, உட்கார்ந்தால் பின்னல் தெரியாது.

கையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. உள்ளே கொண்டுபோக மறந்துவிட்டுப் போயிருந்தாள். போனை வாசலிலேயே கூடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், அது இருந்தாலும் இப்போது என்ன பிரயோஜனம். பாட்டிலைப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அட்டெண்டர் அம்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அடுத்த பிள்ளையை அழைத்துவிட, டீ கொண்டுபோக, காகிதம் கொண்டுபோக என்று அவள்தான் உள்ளே போய்வருகிறாள். வைரக்கண்ணுவின் கால் தானாக நடந்தது. "ஏம்மா, உள்ள இருக்குறது நம்ம பொண்ணு, தண்ணி பாட்டில விட்டுட்டுப் போயிருச்சு" என்றார். அட்டெண்டர் அம்மா கையை நீட்டினாள். "குடுங்க சார், டீ கிளாஸ் எடுக்க இப்ப போவேன், குடுத்துர்றேன். வேற ஏதும் சொல்லணுமா?" கேட்டேவிட்டாள். சொல்லணுமாவாம். அப்பா நிறையப் பேசச் சொன்னார்னு சொல்லும்மா, அவ்வளவுதான், ஐந்தே வார்த்தை, பாட்டிலை மேஜையில் வைக்கும்போது காதோடு சொல்லிவிட்டால் போதும், பின்னல் எழும்பிவிடும். வாய் வரைக்கும் வந்தது. வாய் வரைக்கும் வந்ததை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. கூண்டில் ஏறிவிட்ட சாட்சிக்கு வெளியிலிருந்து சாடை காட்டக்கூடாது. முன்னறையில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக் கொடு, ஏறியபின் இருமக்கூடக் கூடாது. ரெத்தினம் என்று ஒரு குமாஸ்தா இப்படித்தான் தொண்டையைச் செருமிச் செருமி ஒரு சாட்சியை நடத்திக்கொண்டிருந்தான், நீதிபதி விசாரணையை நிறுத்தி, அந்த இருமல்காரரை வெளியில் நிற்கச் சொல்லுங்கள் என்றார். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு முன்வரிசையில் நின்று பார்த்துச் சிரித்தவர்களில் வைரக்கண்ணுவும் ஒருவர். "ஒண்ணும் சொல்ல வேணாம்மா" என்றார். பாட்டிலையும் கொடுக்கவில்லை. பாட்டில் போனால் கூடவே ஏதாவது போய்விடும்போல் இருந்தது. அட்டெண்டர் அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், டீ கிளாஸ்களோடு வெளியே வந்தாள். கதவு திறந்து மூடிய நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. யாருமே பேசவில்லை.

இது நேர்மையா, பயமா. அவருக்கே தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் வாழ்க்கை ஐந்து வார்த்தையில் தொங்கும்போது எந்த மடையன் கோர்ட்டு மரியாதை பார்ப்பான். திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் கொடுத்துவிடலாம். போகலாம். போகவில்லை. வெயில் தாழ்வாரத்துக்குள் ஏறி அவர் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, கால் சுட்டது, காலை நகர்த்தினால் பின்னல் மறைந்தது, மறுபடி வெயிலுக்கே வைத்தார். சின்ன வயதில் பஸ்ஸில் போனால் கண்டக்டரிடம் பேசுவாள், முன்சீட்டுக்காரரிடம் பேசுவாள், யாரும் இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியிடம் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் டீச்சர் கூப்பிட்டுச் சொல்வார், நல்லாப் படிக்கிறா சார், வாய்தான். வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொல்வார், வாயக் கொற பாப்பா. குறைக்கச் சொன்னது இந்த ஒரு வாரம் மட்டுமா, பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எதற்கு. ஊரார் கண் படும் என்றா. இல்லை. நாள் முழுக்க மற்றவர்கள் வாயைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு ஒரு வாய் திறந்தே கிடப்பதைப் பார்த்தால் கை பரபரக்கிறது, தொழில் புத்தி, தையல்காரன் நடுரோட்டில் போகிறவனின் சட்டையைப் பார்த்து அளவெடுப்பதில்லையா. ஆனால் சங்கவி ஒரு நாளும் குறைத்துக்கொண்டதில்லை. முதல் தடவையாக இன்றைக்குத்தான் அப்பா சொன்னதைக் கேட்டு வாயை மூடியிருக்கிறாள், கேட்கக்கூடாத நாளாகப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். சாட்சி சொல்லவா சொல்லிக் குடுக்குறீங்க. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாளே, ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். வளர்மதிக்கு என்ன பதில் சொல்வது. ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடி எழுதலாம். ஒரு வருஷம் சும்மா இருக்கிற பெண்ணை இந்தச் சொந்தக்காரர்கள் விடுவார்களா, ஒரு வரன் இருக்கு பாருங்கள் என்று வரிசையாக வந்து நிற்பார்கள், முன்னறையில் அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, என்று அப்போதும் நானே சொல்லிக் கொடுப்பேனோ. நினைத்தபோது கண் கரித்தது. வெயில்தான் என்று துடைத்துக்கொண்டார்.

அப்போது பின்னல் அசைந்தது. முதலில் லேசாக, காற்றுப் பட்டதுபோல. மின்விசிறியாக இருக்கும் என்று நினைத்தார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நின்றது, மறுபக்கம் போனது. பேசுகிறாளா. அழுகிறாளா. அழும்போதும் அவளுக்குத் தலை ஆடும், அம்மையில் கிடந்தபோது பரீட்சையை நினைத்து அப்படித்தான் அழுதாள், பின்னாத முடி இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து ஆடியது. தெரியாது தெரியாது என்று சொல்லச் சொல்ல அவர்கள் ஏதாவது கடுமையாகச் சொல்லியிருப்பார்கள். ஆமாம், அழுகிறாள். இல்லை, அழுகைக்கு இவ்வளவு வேகம் கிடையாது. பின்னல் தோளைத் தாண்டிப் போய் மறைந்தது, வந்தது, கை ஒன்று உயர்ந்து கண்ணாடிக் கிழிசலில் ஒரு கணம் தெரிந்தது. அவள் கைதான், விரலெல்லாம் விரித்திருந்தாள். உள்ளே மணி அடித்தார்கள், நேரம் முடிந்தது என்று அடிக்கிற மணி. அட்டெண்டர் அம்மா எழுந்து அடுத்த பையனைத் தயாராகச் சொன்னாள். பின்னல் நிற்கவில்லை. மணி மறுபடி அடித்தது. பின்னல் நிற்கவில்லை. அட்டெண்டர் அம்மா தலை நுழைகிற அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பையனிடம், கொஞ்சம் இருப்பா, என்று மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுதால் மணி அடித்தும் விடமாட்டார்களா, விட்டுவிடுவார்களே. எதையும் நம்பப் பயமாக இருந்தது. கழுத்து வலித்தது, கையில் பாட்டில் வியர்த்து வழுக்கியது, அஞ்சலையின் முகம் ஏனோ குறுக்கே வந்து நின்றது, வாயைத் திறந்து, இவரைப் பார்த்து, மூடிக்கொண்ட முகம்.

சங்கவி வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது, சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். நேராக அவரிடம் வந்தாள், பாட்டிலை வாங்கினாள், பாதித் தண்ணீரைக் குடித்தாள். இருவரும் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். வாகை மர நிழல் வந்ததும் அவர் நின்றார். "மாம்பழம் கேட்டாங்களா?" என்றார். "ஆமா" என்றாள். "பேசுனியா?" "இல்ல. தெரியாதுன்னு சொன்னேன்." அவர் மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். சங்கவி உட்காரவில்லை. செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். "நாலு கேள்விக்கு அப்படியே நீங்க சொன்ன மாதிரிதான்பா சொன்னேன். அந்த சார் எழுதிட்டே இருந்தாரு. அப்புறம் நடுவுல இருந்த மேடம் பேனாவ வெச்சுட்டு, யாராவது சொல்லிக் குடுத்தாங்களாம்மான்னு கேட்டாங்க. ஆமா, எங்கப்பான்னேன். என்ன சொல்லிக் குடுத்தாருன்னாங்க. எல்லாத்தையும் சொன்னேன். வக்கீல் குமாஸ்தா, சாட்சிங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுப்பாருன்னு சொன்னேன். சிரிச்சாங்க, கிண்டலா இல்ல, சும்மா சிரிச்சாங்க. அப்புறம் மேடம் கேட்டாங்க, சாட்சிக்குச் சொல்லிக் குடுக்குறது சரியா தப்பான்னு." நிறுத்திவிட்டாள். வைரக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "தப்புன்னு சொன்னேம்பா" என்றாள். "அப்புறம்தான் பேச ஆரம்பிச்சேன். நிறுத்தவே முடியல. அஞ்சலைம்மாவ பத்திச் சொன்னேன்."

அஞ்சலையை உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்க நினைத்தார். அவள் அப்போது நாலாவதோ அஞ்சாவதோ படித்துக்கொண்டிருந்தாள். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், அவள் அங்கே இருக்கிறாள் என்பதே யாருக்கும் நினைவில் இருக்காது. "தீர்ப்பு வந்தப்புறம் சீனி, பழமெல்லாம் வாங்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, நீங்க இல்ல, கோர்ட்டுக்குப் போயிட்டீங்க" என்றாள் சங்கவி. "அடுப்படியில அம்மாகிட்ட சொல்லி அழுதாங்க. அன்னைக்குக் காலையில அவங்களுக்குள்ள சண்டையாம். அவரு சாப்பிடாம கெளம்புனாராம். போய்த் தொலன்னு இவங்க சொல்லிட்டாங்களாம். அத ஒரு தடவ அந்த ஜட்ஜையா முன்னாடி சொல்லிட்டா மனசு ஆறும்னுதான் கோர்ட்டு வரைக்கும் வந்தேன், பணத்துக்கு இல்ல, கேக்கவே இல்லியே யாரும், கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாகளேன்னு அழுதாங்க. இதச் சொன்னேன். கேசு ஜெயிக்கணும்னா அப்பா செஞ்சதுதான் சரின்னும் சொன்னேன், அதுக்கும் பேசுனேன். ஆனா அவங்க சொல்ல வந்தத எங்க போயிச் சொல்றது, அதுக்கு ஒரு எடம் வேணாமான்னும் கேட்டேன். மணி அடிச்சுட்டாங்க. அப்பவும் பேசுனேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கடைசியா அந்த மேடம் கேட்டாங்கப்பா. இத உங்கப்பாகிட்ட நேரா சொல்லுவியான்னு. தெரியாதுன்னு சொன்னேன். நீங்க சொல்லிக் குடுத்த தெரியாது இல்லப்பா அது. நெஜமாவே தெரியல."

கண்ணாடிப் பெண்ணும் டீச்சரம்மாவும் அவர்களைக் கடந்து போனார்கள், அந்தப் பெண் சங்கவிக்குக் கை காட்டியது, சங்கவி கை காட்டவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு வெள்ளிக்கிழமைதான் தெரியும். வைரக்கண்ணுவுக்கு அந்த நேரத்தில் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வரவில்லை. போய்த் தொலை. இவ்வளவுதானா, இந்த இரண்டு வார்த்தைக்குத்தானா அத்தனை தடவை கையை உயர்த்தினோம். சாகப் போகிறவனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி கூண்டில் நின்றிருக்கிறாள், இவர் முன்வரிசையில் நின்று அவள் வாய் மூடியதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார். வலித்தது. தான் செய்வது தப்பு என்று மூன்று பேருக்கு முன்னால் மகள் சொல்லியிருக்கிறாள் என்பது தனியாக வலித்தது, அதை இப்போது எதிரே நின்று சொல்லியும்விட்டாள் என்பது வலியில்லாத வேறு ஏதோவாக இருந்தது. அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், கையை உயர்த்துவாரோ என்று பார்க்கிறவளைப்போல. அவர் நகர்ந்து கல்லில் இடம் விட்டார். சங்கவி உட்கார்ந்தாள்.

"இன்னும் சொல்லு" என்றார்.